சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்து களத் தாவரவியலுக்கு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்த பிள்ளையிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். உண்மையைச் சொன்னால், களத் தாவரவியலில் வேலைகள் குறைவு. ஆனால் ஒரு காட்டுக்குள் விட்டால் நூறு செடிகளைப் பிழையில்லாமல் பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் அதைவிடக் குறைவு. எம்.எஸ்சி. முடித்தவர்களில் கூடப் பலருக்கு ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரிக்கத் தெரியும், கல்லூரி வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியாது. அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர பட்டம் மட்டும் போதாது. ஒரே மலைக்கு வருடம் முழுக்கப் போய்வந்து, பார்த்ததை ஒழுங்காக எழுதிவைத்த நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

மலையைத் தேர்ந்தெடுங்கள், ஊர் சுற்றாதீர்கள்

இந்தத் துறைக்கு வரும் பலருக்கு முதல் ஆசை மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஆனைமலை, அகத்தியமலை என்று வருடத்துக்கு ஒரு முறை போய்ப் படம் எடுத்து வருவார்கள். அதில் மனசு நிறையும், தொழில் படியாது. சேலத்துக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊர் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்குக் கீழே. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600 மீட்டரைத் தாண்டும். புதிய பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில், முள்காட்டில் இருந்து சோலைக்காட்டின் மிச்சம் வரை எல்லாவற்றையும் கடந்துவிடுவீர்கள்.

அடிவாரத்தில் உசிலையும் வேலமும் சதுரக்கள்ளியும். கொஞ்சம் ஏறினால் மூங்கில், வேங்கை, கடுக்காய், சந்தனம் என்று இலையுதிர் காடு. மேலே போகப் போக நாவல், செண்பகம், அவற்றின் நிழலில் காபி. காபித் தோட்டங்களைக் காடு இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய தோட்டங்களில் நிழலுக்காக விட்டுவைத்த நாட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் கிளைகளில்தான் ஆர்க்கிடுகளும் பெரணிகளும் ஒட்டிக்கொண்டு பிழைக்கின்றன. சில்வர் ஓக் மட்டுமே வரிசை கட்டி நிற்கும் தோட்டத்தில் அந்தச் செடிவகைகளில் பாதிகூடத் தேறாது. அது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம்.

இந்தப் பாதையில் ஐந்தாறு நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு, ஏரிக்கரையில் ஒன்று, நாகலூர் பக்கம் தோட்ட வேலியோரம் ஒன்று, கோயில் மேட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை அதே இடங்களுக்குப் போங்கள். இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சிறுசெடிகளும் தரை ஆர்க்கிடுகளும் புற்களும் பூக்கும். பிப்ரவரி முதல் மே வரை மரங்களின் முறை. ஒரு பருவத்தில் மட்டும் போனவர் மலையில் பாதியைத்தான் பார்த்திருப்பார். வெயில் காலத்தில் ஏற்காட்டில் மலர்க்கண்காட்சி நடக்கும், போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் தொட்டிச் செடிகள்.

அலுத்துவிட்டால் கஞ்சமலைக்குப் போங்கள். இரும்புத்தாது நிறைந்த மலை, மூலிகைக்குப் பெயர் போனது. ஊருக்கு வடக்கே மேக்னசைட் எடுக்கும் வெள்ளைக்கல் நிலமும் இருக்கிறது. மண் மாறினால் செடியும் எப்படி மாறுகிறது என்பதை அரை நாளில் கண்ணால் பார்க்கலாம்.

பெயருக்கு முன்னால் குடும்பம்

புதியவர்கள் செய்யும் வேலை, செடியைப் பார்த்ததும் போனை நீட்டிப் பெயர் கேட்பது. அதைத் தள்ளிவையுங்கள். தாவரக் குடும்பங்களில் முக்கியமான இருபதை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். அதன்பின் தெரியாத செடி எதிரே வந்தாலும் எங்கே தேடுவது என்று தெரியும்.

ஏற்காட்டில் தொடங்க நல்ல செடி காபிதான். ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக இருக்கும். அந்த இரண்டு இலைக்காம்புகளுக்கும் இடையில், தண்டின் மேல், சின்னதாக ஒரு முக்கோணச் செதில் இருக்கும். இலையடிச் செதில் என்பது அதுதான். எதிரிலை, காம்புகளுக்கு நடுவே செதில், ஓரத்தில் பல் இல்லாத இலை, இந்த மூன்றும் சேர்ந்தால் ரூபியேசி குடும்பம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். வீட்டு வாசலில் உள்ள இட்லிப்பூவிலும், வயலோரத்து நுணாவிலும், அடிவாரத்துக் காரையிலும் அதே செதில் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

அடுத்தது கறிவேப்பிலை. ஓர் இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து லென்ஸால் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள்; கசக்கினால் வரும் வாசனை அவற்றில் இருந்துதான் வருகிறது. எலுமிச்சை, வில்வம், விளா, மலைச்சரிவில் முள்ளோடு ஏறும் மிளகரணை எல்லாமே இந்த ரூட்டேசி வகையறா. பால் வருகிறதா, தண்டு சதுரமா, இலைமேல் நட்சத்திர முடியா என்று இப்படிக் குடும்பத்துக்கு ஒரு சாவி உண்டு.

லென்ஸ் பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை லென்ஸ் அருகே கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸைச் செடிமேல் வைத்துவிட்டு எட்டத்தில் இருந்து எட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

அப்புறம், கை வைக்கக் கூடாதவற்றையும் இதே கட்டத்தில் கற்றுக்கொள்ளுங்கள். செந்தட்டி கொட்டும். பூனைக்காலிக் காயின் பொன்னிற முடி காற்றில் பறந்து வந்து கழுத்தில் பட்டாலே சொறிந்து மாளாது. சேங்கொட்டையின் சாறு தோலைப் புண்ணாக்கிவிடும். இப்போதெல்லாம் ஏற்காட்டில் காட்டெருமைகள் தோட்டத்துக்குள்ளும் சாலையோரத்திலும் சாதாரணமாக நிற்கின்றன. விடியற்காலையிலும் பனிமூட்டத்திலும் தனியாக நடக்காதீர்கள். ஆணோ பெண்ணோ, இரண்டு பேராகப் போவதுதான் இந்த வேலையின் வழக்கம்.

செடியைப் பதப்படுத்துவது

ஹெர்பேரியம் என்றால் காய்ந்த செடிகளின் தொகுப்பு. பழங்காலத்து வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு செடி இந்த மலையில், இந்த வருடம் இருந்தது என்பதற்கு நூறு வருடம் கழித்தும் செல்லுபடியாகும் சான்று அந்தத் தாள்தான். நல்ல மாதிரி செய்யத் தெரிந்தவரை எந்த ஆய்வுக்குழுவும் விடாது.

தேவையானவை: சட்டம்போல் அடித்த இரண்டு மரப்பலகைகள், இரண்டு பெல்ட், பழைய செய்தித்தாள். செடியைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, பலகைகளுக்கு இடையில் வைத்து பெல்ட்டால் இறுக்கினால் அதுதான் பிரஸ். வழவழப்பான வண்ண இணைப்பு வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. செடியை எடுத்த கையோடு எண் எழுதிய துண்டுச்சீட்டைக் கட்டுங்கள், பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பூவோ காயோ இல்லாத கிளை பெரும்பாலும் வீண். சிறுசெடியானால் வேரோடு வேண்டும், ஆனால் அந்த இடத்தில் நிறைய இருந்தால் மட்டுமே. நாலைந்துதான் இருக்கிறது என்றால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தாளில் பரப்பும்போது ஓரிரு இலைகளைத் திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். நீளமான புல்லை வெட்டாமல் மடித்து வையுங்கள். முதல் நாள் இரவே தாளை மாற்ற வேண்டும். இலைகள் துவண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் சுருக்கத்தை நீவிச் சரிசெய்ய முடியும். மறுநாளுக்கு விட்டால் அதே கோணலில் காய்ந்துவிடும். முதல் நாலைந்து நாள் தினமும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டில் தங்கினால் இரண்டு வேளையும் மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். பிரண்டை, கள்ளி, ஆர்க்கிட் மாதிரி சதைப்பற்று உள்ளவை பிரஸ்ஸுக்குள்ளேயே துளிர்விடும் ரகம். கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டு வையுங்கள். ஹெர்பேரியங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு பயன்படுத்துவது உண்டு. அது கொடிய விஷம், வீட்டில் முயல வேண்டாம்.

செடியைவிட முக்கியம் அதனோடு சேரும் குறிப்பு. காய்ந்தபின் மறைந்துபோவதைத்தான் முதலில் எழுத வேண்டும்: பூவின் நிறம், வாசனை, பால், மரமா கொடியா, எவ்வளவு உயரம். இடம் எழுதும்போது "ஏற்காடு" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. "கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை, இடப்பக்கப் பாறை இடுக்கு, ஈரம், அரை நிழல்" என்று எழுதினால் இன்னொருவர் போய் அதே செடியைக் கண்டுபிடிக்க முடியும். உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, உங்கள் பெயர், உங்கள் வரிசை எண். இந்த எண் வாழ்நாள் முழுக்க 1, 2, 3 என்று தொடர வேண்டும். மலைக்கு மலை, வருடத்துக்கு வருடம் புதிதாகத் தொடங்கக் கூடாது.

பெயர் கண்டுபிடிப்பது

நம் பகுதிக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றி கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ரேபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ, 1980-களில் தமிழ்நாட்டின் கர்நாடிக் பகுதியின் (கர்நாடக மாநிலம் இல்லை) தாவரங்களை விரிவாக, படங்களோடு எழுதினார். சேலமும் சேர்வராயனும் அதற்குள் வருகின்றன. இந்த நூல்களில் உள்ள "இது இருந்தால் இங்கே போ, இல்லாவிட்டால் அங்கே போ" என்ற படிநிலைக் குறிப்புகளைப் பயன்படுத்தப் பழகுவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைப் பயிற்சி. தெரிந்த செடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரை நூல்வழியே போய் எட்டிப் பாருங்கள். எந்தப் படியில் வழுக்குகிறீர்கள் என்று தெரியும்.

பழைய நூல்களில் உள்ள பெயர்கள் மாறியிருக்கும். கருவேலம் அகேசியாவில் இருந்து வாச்செல்லியாவுக்குப் போய்விட்டது. இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் இன்று மோனோசிஸ் பேரினத்தில் இருக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தில் பிறந்த சிறுமரம் அது. இப்போதைய பெயரை லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இரண்டு இணையதளங்களிலும் படம் ஏற்றுங்கள். அங்கே தெரிந்தவர்கள் திருத்துவார்கள், உங்கள் பெயரில் பதிவும் சேரும். செயலி சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். பூவை மட்டும் எடுத்த படத்துக்கு அது எங்கோ ஐரோப்பியத் தோட்டத்துச் செடியின் பெயரைச் சொல்லும். அரிய ஆர்க்கிடின் துல்லியமான இடத்தை எங்கேயும் வெளியிடாதீர்கள். பிடுங்கிப்போய் விற்பவர்களும் அதே தளங்களைப் பார்க்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது கோவைக்குப் போங்கள். வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின், அதாவது பி.எஸ்.ஐ.யின், தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் தாள்களை அங்குள்ள பழைய தாள்களோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் அங்கே உட்கார்ந்தால், மாதக்கணக்கில் தீராத சந்தேகங்கள் தீரும்.

ஒரு யோசனை. எல்லோரும் ஆர்க்கிட் பக்கம் ஓடுகிறார்கள். நீங்கள் புற்களையும் கோரைகளையும் பெரணிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகில்லை, பூ கண்ணுக்கே தெரியாது. அதனாலேயே தெரிந்தவர்கள் கம்மி. புல்வெளி மீட்பு, மேய்ச்சல் நிலக் கணக்கெடுப்பு என்று வரும்போது உங்களைத்தான் தேடுவார்கள்.

அனுமதி

சாலையோரத்தில் நின்று பார்ப்பதற்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. காப்புக்காட்டுக்குள் நுழையவும், அங்கிருந்து ஓர் இலை எடுக்கவும் வனத்துறை அனுமதி கட்டாயம். கல்லூரி மூலம், துறைத்தலைவரின் கடிதத்தோடு, எந்த இடம், எந்த மாதம், எத்தனை மாதிரி என்று தெளிவாக எழுதி விண்ணப்பியுங்கள். சேலம் மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் விசாரித்தால் எந்த மட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். மாதக்கணக்கில் ஆகலாம், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். காபித் தோட்டத்துக்கு மேலாளரிடம் கேட்டால் போதும். வேலி தாண்டிக் குதிக்காதீர்கள். காட்டு ஆர்க்கிடுகள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சில செடிகளைப் பெயர் சொல்லியே காக்கிறது.

மலையில் இருப்பவர்கள்

சேர்வராயனில் மலையாளி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எந்தக் கிழங்கு எந்த மாதம் தோண்டலாம், எந்தத் தழையை மாடு தின்னாது என்பதெல்லாம் அங்குள்ள ஆயாக்களுக்கு அத்துப்படி. நோட்டை நீட்டிக்கொண்டு போய்க் கேள்விப்பட்டியல் வாசிக்காதீர்கள். உட்கார்ந்து பேசிவிட்டு, "ஆயா, இந்தச் செடிக்கு உங்க ஊர்ல என்னங்க பேரு?" என்று கேளுங்கள். அந்தப் பெயரையும் ஊரையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள். மருந்துப் பக்குவம் சொன்னால், வெளியிடலாமா என்று கேட்காமல் எங்கும் அச்சேற்றக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதச் செடி தெரிந்த ஆள் வேண்டும். உள்ளூர்ப் பிள்ளை என்றால் உங்களுக்கு அது நல்ல நுழைவாயில்.

பாதுகாப்பு வேலை என்றால் என்ன

அரிய செடியைத் தேடிக் காட்டில் அலைவதுதான் பாதுகாப்பு வேலை என்ற எண்ணம் இருந்தால், ஒரு மாதம் நாற்றங்காலில் இருந்து பாருங்கள். விதை சேகரிப்பு, மண் கலவை, பைக்கு மாற்றுவது, களை எடுப்பது, அந்நியக் களையான உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கிறதா என்று இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருப்பது, இதுதான் நிஜம். நாவல் விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது. பழம் உதிர்ந்த சூட்டோடு விதைத்துவிட வேண்டும். கடினத்தோல் விதைகளைச் சுரண்டியோ வெந்நீரில் ஊறவைத்தோ எழுப்ப வேண்டும். ஒரே மரத்தில் இருந்து எல்லா விதையையும் எடுக்காமல், பல தாய்மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது அடிப்படை விதி. ஒரு மரத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள்.

ஏற்காட்டில் பி.எஸ்.ஐ.யின் தேசிய ஆர்க்கிடேரியமும் சோதனைத் தோட்டமும் இருக்கின்றன. மேகாலயத்தைச் சேர்ந்த குடுவைச்செடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆர்க்கிடையும் எதன்மேல் கட்டியிருக்கிறார்கள், எப்படிப் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் வறண்ட பசுமைமாறாக் காடுகளை மீட்கும் வேலை ஆரோவில்லிலும், மழைக்காட்டை மீட்கும் வேலை வால்பாறையிலும் நடக்கிறது. கேரளத்தில் வயநாட்டில் குருகுலத் தாவரச் சரணாலயம் இருக்கிறது. விடுமுறையில் இவற்றில் எங்காவது தன்னார்வலராகச் சேர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

படிப்பு, தேர்வு, சம்பளம்

இதில் சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை. எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், ஆய்வாளராக முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 கிடைக்கும், வீட்டு வாடகைப்படி தனி. அந்தத் தேர்வில் வகைப்பாட்டியல் கொஞ்சம்தான் வரும். உயிர்வேதியியலும் மரபியலும் படித்தே தீர வேண்டும். கேட் தேர்வில் சூழலியலுக்கு என்றே தனித்தாள் உண்டு, களத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது தோதாக இருக்கும். பி.எஸ்.ஐ.யின் விஞ்ஞானிப் பணிகள் யு.பி.எஸ்.சி. வழியாக வரும். இந்திய வனப்பணிக்கும் யு.பி.எஸ்.சி. தேர்வுதான், விருப்பப் பாடமாகத் தாவரவியலை எடுக்கலாம். மாநிலத்தில் வனத்தொழில் பழகுநருக்கு டி.என்.பி.எஸ்.சி. தனித்தேர்வு நடத்துகிறது, வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் இப்போது குரூப் 4-க்குள் வந்துவிட்டன. கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், பெங்களூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனமும், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் அவ்வப்போது திட்டப்பணிக்கு ஆள் எடுக்கும். தொண்டு நிறுவனங்களில் சம்பளம் கம்மி, வேலை ஒப்பந்த அடிப்படை. ஆனால் காட்டில் இருக்கும் நாட்கள் அதிகம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களும் தாவரம் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் தருகின்றன. போகலாம், ஒரு கண்டிப்போடு. கோடையில் ஒரே நாள் நடந்துவிட்டு ஒரு வருடத்துச் செடிப்பட்டியல் எழுதச் சொன்னாலோ, பழைய அறிக்கையில் இருந்து பெயர்களை ஒட்டச் சொன்னாலோ கையெழுத்துப் போடாதீர்கள். சுரங்க அனுமதிக்கு அந்தத் தாள்தான் ஆதாரமாகப் போகும். பாக்சைட்டுக்காகத் தோண்டிய மேடுகள் சேர்வராயனிலேயே இருக்கின்றன.

விண்ணப்பம்

வேலைக்கோ பயிற்சிக்கோ எழுதும்போது, "இயற்கைமேல் தணியாத ஆர்வம்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் சேகரித்த மாதிரிகளின் எண்ணிக்கை, எந்த ஹெர்பேரியத்தில் ஒப்படைத்தீர்கள், எந்தெந்தக் குடும்பங்களை நூலின் உதவியோடு நீங்களே இனம் காண்பீர்கள், எந்த மலையில் எந்த மாதங்கள் பணிசெய்தீர்கள், இந்த நாலும் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். பெயர் உறுதியில்லாத செடிகளைப் பட்டியலில் பேரினம் வரை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் தட்டில் ஒரு கிளையை வைத்துக் கேட்பார்கள். தெரியாவிட்டால் குடும்பத்தைச் சொல்லி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். தப்பான பெயரைவிட அதற்கு மதிப்பெண் அதிகம். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் ஆய்வுத்திட்டம் வரும். அதற்கு வழிகாட்டியும் வன அனுமதியும் வேண்டும் என்பதால் மூன்றாம் பருவம் தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே தலைப்பை முடிவுசெய்து கடிதம் போட்டுவிடுங்கள். டிசம்பரில் தொடங்கினால் அனுமதி வருவதற்குள் மலையில் சிறுசெடிகள் எல்லாம் காய்ந்துபோயிருக்கும்.